லயத்தை விட்டு வந்த பின் வீட்டுக் கணக்கு

(தோட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தினர் கூடியிருந்த கூட்டமொன்றில், தெலுக் பங்லிமா காராங்கில் ஆற்றிய உரை)



நான் பொருளாதாரம் கற்றறிந்தவன் அல்லன். கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே இருந்த ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக வேலை பார்த்தவன். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் எழுதுவதும், மாத முடிவில் சம்பளப் பட்டியல் தயாரிப்பதும் என் தொழில். முந்நூறு பேருடைய கணக்கைச் சென் பிசகாமல் எழுதிய இந்தக் கை, சொந்த வீட்டுக் கணக்கை ஒரு நாளும் எழுதியதில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த முதல் ஆண்டில் அதற்குரிய விலையைக் கொடுத்தேன். அந்த அனுபவத்தைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் சம்பளம் போதவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொண்டோம். அக்குறை நியாயமானதே. ஆயினும், சம்பளப் பட்டியலில் எழுதப்படாத மற்றொரு வருமானமும் அன்று நமக்கு இருந்தது. வீட்டுக்கு வாடகை இல்லை. வேலைக்குச் செல்லப் பெட்ரோல் செலவில்லை. அடுப்புக்கு விறகு காட்டிலே கிடைத்தது. முருங்கையும் வாழையும் பசலைக்கீரையும் வீட்டின் பின்புறத்திலேயே விளைந்தன. சிலர் மாடு வளர்த்தார்கள். பலர் கோழி வளர்த்தார்கள். இவற்றுக்கெல்லாம் வெள்ளிக் கணக்கில் மதிப்புப் போட்டு எவரும் பார்த்ததில்லை. குடிபெயர்ந்து வந்த மறுமாதமே, அவை ஒவ்வொன்றும் ரொக்கச் செலவாக மாறி வாசலில் வந்து நின்றன.

இது இவ்வூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1990-ஆம் ஆண்டுகளில் பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, அங்கிருந்தும் அண்டைத் தோட்டங்களிலிருந்தும் புறப்பட்ட நம்மவர்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள். தலைமுறைகளாக மண்தரையில் பழகிய குடும்பங்கள் அன்று மாடிப்படி ஏறின. நாட்டின் பல பகுதிகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. நம் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். கைக்கு வரும் சம்பளத் தொகை உயர்ந்தது. கையில் தங்கும் தொகை உயரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். புதுமனை புகுவிழாவைச் சிறப்பாக நடத்த வேண்டுமென்று உறவினர் விரும்பினர். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வந்தவர்கள் உட்கார நாற்காலி வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். பழைய கட்டிலைப் புதிய வீட்டில் போடலாமா என்று மற்றொருவர் கேட்டார். நாற்காலி, கட்டில், அலமாரி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை ஒரே வாரத்தில் தவணையில் வந்து இறங்கின. நான்கு மாதங்களில் தவணை தடுமாறியது. அதைச் சரிக்கட்ட மனைவியின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஆறு மாதத்துக்குள் மீட்க இயலவில்லை. அது ஏலத்தில் போய்விட்டது. என் மாமியார் பால் மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் செய்த சங்கிலி அது. என் மனைவி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மனம் சற்று ஆறியிருக்கும்.

தவணைக் கணக்கை ஒருமுறை விளங்கிக்கொள்வது நல்லது. 3,600 வெள்ளிக்குத் தளவாடம் வாங்குகிறோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 360 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வட்டி 1,080, மொத்தம் 4,680, மாதத் தவணை 130 வெள்ளி. 10 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால், பதினெட்டாவது மாதத்தில் ஏறக்குறைய பாதியைச் செலுத்திவிட்ட பின்னரும், முழுத் தொகையாகிய 3,600 வெள்ளிக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். குறைந்துவரும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 18 விழுக்காட்டை நெருங்குகிறது. மாதம் 130 என்று கடைக்காரர் சொல்லும்போது, மொத்தம் எவ்வளவு என்று கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்துக்குத்தான் 1,080 வெள்ளி.

வீட்டுக் கடன் வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு லட்சம் வெள்ளியை ஆண்டுக்கு 4.5 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதம் ஏறத்தாழ 473 வெள்ளி கட்ட வேண்டும். முதல் மாதம் கட்டுவதில் 375 வெள்ளி வட்டிக்கே போகிறது. முதலில் குறைவது 98 வெள்ளி மட்டுமே. இதைக் கேட்டுச் சிலர் திகைத்து, கையில் உள்ளதையெல்லாம் வீட்டுக் கடனிலேயே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அதே வேளையில் கடன் அட்டையில் 18 விழுக்காட்டுக்கும், அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காட்டுக்கும், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காட்டுக்கும் பாக்கி நிற்கிறது. கூடுதல் வெள்ளி கிடைத்தால் அதிக வட்டியுள்ள கடனையே முதலில் அடைக்க வேண்டும். ஆனால் வீட்டுத் தவணையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவற விடலாகாது. தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் வங்கி அதை வாராக்கடனாகக் கருதத் தொடங்கும்; அதற்குப் பின் வீடு ஏலத்துக்குப் போகும் வழி திறந்துவிடுகிறது. தவற நேரும் என்று தெரிந்தவுடனேயே வங்கிக்குச் சென்று பேச வேண்டும். கடிதம் வந்த பிறகு அதை அலமாரியின் மேல் செருகி வைப்பவர்களை நான் அறிவேன். நானும் அப்படிச் செருகியவனே.

வங்கிக் கடன்கள் பலவாகிச் சிக்கிக்கொண்டவர்களுக்குப் பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை ஏற்படுத்தியது. அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வருமானத்தையும் கடன்களையும் பார்த்து, தவணைகளை ஒழுங்குபடுத்தி, வங்கிகளுடன் அவர்களே பேசுகிறார்கள். ஆனால் ஆலோங் கடனுக்கு அங்கு வழி இல்லை.

அந்தக் கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 1,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டி 180 வெள்ளி. உரிமம் இல்லாதவனிடம் மாதம் பத்து விழுக்காட்டுக்கு வாங்கினால், அதே ஓராண்டில் 1,200 வெள்ளியை வட்டியாகவே கட்டிவிட்டு, வாங்கிய 1,000 வெள்ளிக் கடனை அப்படியே வைத்திருப்போம். உரிமம் உண்டா இல்லையா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் மூலம் அறிந்துகொள்ளலாம். வங்கி அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் கேட்பவன் எவனாயினும் அவனிடம் கடன் வேண்டாம். ஏற்கெனவே சிக்கியிருந்தால் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, மிரட்டல் வந்த அன்றே போலீசில் புகார் செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள், முதல் கடனை அடைக்க இரண்டாவது ஆளிடம் போகிறார்கள்.

தாய்மார்களில் சிலர் கூட்டு பிடிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். முகம் சுளிக்க வேண்டாம். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் நல்லவராகவே இருக்கலாம். முதலில் எடுத்த ஒருவர் இரவோடிரவாக வேற்றூர் போய்விட்டால், அந்த நல்லவரே எல்லாருக்கும் கடன்காரராகி நிற்கிறார். பணம் போனவருக்கு முறையிட வழியும் இல்லை. அதே பணத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ போடுவது மேல். சிறு தொகை என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவந்த காலத்தில், 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி எளிய தொகையன்று.

மொத்தமாக வரும் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டம் மூடப்பட்டு ஆட்குறைப்புச் செய்யப்படுவோருக்கு, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பணிபுரிந்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு கிடைக்க 1980-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு ஐந்நூறு நாள் சம்பளம் ஆகிறது. அப்பணம் வந்த வாரத்திலேயே மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களும் உண்டு. விருந்து வைத்தவர்களும் உண்டு. அப்பணத்தை மூன்று மாதங்கள் தொடாமல் வைத்திருங்கள். புதிய வீட்டின் மாதச் செலவு எவ்வளவு என்பது அதற்குள் தெரிந்துவிடும். சேமநிதி விஷயமும் அப்படித்தான். 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதிக்குச் செல்லும் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. நூற்றுக்குப் பத்து வெள்ளி எந்நேரமும் எடுக்கத்தக்க கணக்கில் சேர்கிறது. எடுக்கலாம் என்பதற்காகவே மாதந்தோறும் எடுப்பவர்களைக் காண்கிறேன். நூற்றுக்குப் பதினைந்து வெள்ளி சேரும் கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கவும் எடுக்க இடமுண்டு. அப்படி எடுப்பதில் பொருள் உண்டு.

சங்கிலி போன பிறகு எங்கள் வீட்டுக் கணக்கை என் மனைவி கையில் எடுத்துக்கொண்டார். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற 555 புத்தகம் ஒன்றை வாங்கி, கடன் எழுதுவதற்குப் பதிலாகச் செலவு எழுதத் தொடங்கினார். நான்கு மைலோ டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தார். ஒன்று வீட்டுத் தவணைக்கு, ஒன்று தண்ணீர், மின்சாரத்துக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. நான்காவது டப்பா, ஆண்டுக்கு ஒருமுறையும் இருமுறையும் வரும் செலவுகளுக்கு. நிலவரியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டு வரியும், தீபாவளியும் அதில் அடங்கும். இந்த நான்காவது டப்பா இல்லாத வீடுகளில்தான், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அடகுக் கடை நினைவுக்கு வருகிறது. ஒரு மாதம் எழுதிப் பார்த்ததில், என் வெற்றிலை பாக்குக்கும் தேநீருக்கும் மட்டும் 90 வெள்ளி போயிருந்தது. அந்தப் பக்கத்தை என் மனைவி மடித்து வைத்து, நான் பார்க்கும்படி மேசை மேல் விட்டுச் சென்றார்.

தளவாடத் தவணை முடிந்த மாதத்தில், அந்த 130 வெள்ளியை இல்லாத பணமாகவே பாவித்து, அடுத்த கடனுக்குத் திருப்பினோம். அதுவும் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து மூன்றாவதற்குத் திருப்பினோம். வீட்டுக் கடன் நீங்கலாக மற்றவற்றை அடைத்து முடிக்க நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆயின. சங்கிலி திரும்பி வரவில்லை.

கடன் சீட்டுகளையும் தவணைப் புத்தகங்களையும் கொண்டுவரும்படி முன்பே சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் பின்புற மேசைக்கு வாருங்கள்; ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் பாதிக் கணக்குத்தான் வரும் என்பதைக் கிராணியாக இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டேன்.