மண்டபத்துல வச்சாலும் கைது கைதுதான்

(மறியல் போராட்டத்தையொட்டி நடந்த கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



கரும்புப் பாக்கி கேட்டு மறியல்னு அறிவிச்ச நாள்லேர்ந்து ஊர் ஊராப் போய் வர்றோம். பாக்கியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெட்டி அனுப்பினவனுக்குத் தெரியாத கணக்கா? எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி வேறு. “புடிச்சிட்டுப் போனா என்ன பண்ணுவாங்க? குண்டாஸ் போட்டுடுவாங்களாமே?” இந்தப் பேச்சைக் கிளப்பி விடுகிறவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இன்றைக்குப் பாக்கியை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பேசுகிறேன்.

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு கொடுத்த உரிமை. சங்கம் வைப்பதும் அதே பிரிவுதான். பொது ஒழுங்குக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ரோட்டை மறித்தால் கைது செய்வார்கள், தெரிந்துதான் போகிறோம். ஆனால் கைது செய்த பிறகு அவர்கள் இஷ்டத்துக்கு நம்மை வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் 22-வது பிரிவு.

ஏன் கைதுன்னு காரணம் சொல்லணும். நாம் விரும்புகிற வக்கீலைப் பார்க்க விடணும். 24 மணி நேரத்துக்குள்ளே மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும். வழிப்பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. கல்யாண மண்டபத்துல உட்கார வச்சு, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விடுறோம்கிறாங்களே, அதுவும் கைதுதான். “இது கைது இல்லீங்க, சும்மா பாதுகாப்பா வச்சிருக்கோம்”னு சொன்னா, “அப்படின்னா வீட்டுக்குப் போகலாமா சார்?”னு கேளுங்க. பதில்லயே விஷயம் தெரிஞ்சிடும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பேரைச் சொல்லவே நாக்கு சுளுக்குது. ஆனால் பழைய பாதுகாப்பு அதிலும் உண்டு. கைதுக் குறிப்பு எழுதணும், சாட்சி கையெழுத்து வேணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளைகள் இவை. தாய்மார்கள் கவனியுங்கள்: சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்குள், பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பெண் போலீஸ், மாஜிஸ்ட்ரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும். காரணத்தைத் தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியிலும் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி குண்டாஸ். இதை மறைக்காமல் சொல்லணும். அதே 22-வது பிரிவிலேயே ஒரு ஓட்டை இருக்கு. தடுப்புக்காவலில் பிடித்தால் மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கும் இல்லை, வக்கீல் உரிமையும் இல்லை என்கிறது அதன் 3-வது உட்பிரிவு. செய்த குற்றத்துக்குத் தண்டனை அல்ல. இனிமேல் செய்வான் என்று நினைத்து உள்ளே போடுவது. வெள்ளைக்காரன் வச்சிருந்ததை விட மனசில்லாம நம்மாளுங்களும் வச்சுக்கிட்டாங்க. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 மாதம் வரை வைக்கலாம். கள்ளச்சாராயக்காரன், குண்டன், திருட்டு வீடியோக்காரன்னு அதில் பட்டியலே இருக்கு. உழவன்னு ஒரு பேர் இல்லை.

இருந்தும் போட்டார்கள். 2023 நவம்பரில், செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே ஆறு பேர் மேலிருந்த உத்தரவை அரசே ரத்து செய்தது. ஏழாமவர் இன்னும் காத்திருக்க வேண்டி வந்தது.

அப்படிப் போட்டாலும் கதவு மொத்தமா மூடிடலை. 1950-லேயே இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர் ஏ.கே.கோபாலன், விவசாயிகளைத் திரட்டிய தலைவர். சென்னை அரசு அவரைத் தடுப்புக்காவலில் வைத்திருந்தது. விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் காவலுக்கான காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த பிரிவை அந்த வழக்கில்தான் உடைத்தார்கள். இன்றைக்குக் காரணத்தை எழுதித் தந்தாகணும். அதுவும் நமக்குப் புரிகிற மொழியில். இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இங்கிலீஷ் காகிதத்தை மட்டும் நீட்டினால் காவல் செல்லாது என்று 1962-லேயே தீர்ப்பு இருக்கு. ஆட்சேபணை மனு கொடுக்கலாம். ஆலோசனைக் குழுமத்தின் முன் போகலாம். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். மனுவைக் காலத்தோடு பார்க்காமல் கிடப்பில் போட்டதற்காகவே ரத்தான உத்தரவுகள் ஏராளம்.

ஆகவே வேனில் ஏற்றுகிற நேரத்தையும் வண்டி நம்பரையும் ஒவ்வொரு கிளையிலும் ஒருத்தர் எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தை அதிலிருந்துதான் எண்ணப் போகிறோம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. கல்லெடுக்கிறவன் நம்ம ஆள் இல்லை, அவன் பக்கத்துல நிக்காதீங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்கு உண்டானதை மடியில் முடிந்துகொண்டு வாருங்கள்.