மாலை கழற்றும் நாள்



நெசவாளப் பெருமக்களே, இன்று மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். இந்த நாளில் பேச வருகிறவர்கள் கெட்டுப்போன நுரையீரலின் படத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் கொண்டுவரவில்லை. சிகரெட் பாக்கெட்டில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பற்றவைக்கிறோம். கெடுதல் என்று தெரியாமல் ஊதுகிறவர் இந்தத் திடலில் ஒருவர்கூட இல்லை. அதனால் ஏன் விட வேண்டும் என்று நான் பேசப் போவதில்லை. விட்ட மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கை ஓடாமல், கால் ஓடாமல், எதிரே வந்தவன்மேல் எரிந்து விழுந்து, ‘ஒரே ஒரு பீடி, அவ்வளவுதான்’ என்று உடம்பெல்லாம் கேட்குமே, அந்த நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு வசவை ஒதுக்கிவைப்போம். விட முடியாதவரைப் பார்த்து ‘உனக்கு மன உறுதி போதாது’ என்கிறோம். இந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல வாய் கூச வேண்டும். 1909 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. ஒரு கட்சியைக் கட்டினார், 1967 இல் ஆட்சியைப் பிடித்தார், இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வாங்கித் தந்தார். அவருக்கு மன உறுதி போதாது என்று யாராவது சொல்வோமா? அவருக்கும் பொடி உண்டு, வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. 1968 இல் நியூயார்க் வரை போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று நம்மை விட்டுப் போனார். வயது 59. பேச்சாலேயே ஒரு நாட்டைக் கூட்டியவரின் தொண்டைக்குக் கீழே உட்கார்ந்த பழக்கம் அது. அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சிலர் என்னிடம், ‘பீடியை விட்டுட்டேன் சார், இப்போ புகையிலை மட்டும் அடக்கிக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் காரப்பேட்டைக்கு வழி மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

நாட்டிலும் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. பெரியவர்களிடம் அரசு எடுத்த கணக்குப்படி 2009-10 இல் இந்தியாவில் 34.6 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17 இல் அது 28.6 ஆக இறங்கிவிட்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 இலிருந்து 20 ஆக ஏறியது! நாடு படி இறங்கும்போது நாம் படி ஏறியிருக்கிறோம்.

சரி, அந்தப் பத்து மணிக்கு வருவோம். ஓர் இழுப்பு இழுத்தால் பத்துப் பதினைந்து வினாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஊசி போட்டால்கூட அவ்வளவு வேகம் கிடையாது. இரத்தத்தில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மூளை மீண்டும் கேட்கிறது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவருக்கு விடிகாலையில் முதல் பீடி அவ்வளவு ருசிப்பது அதனால்தான். அடியோடு நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் பெரும்பாடு. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி கூடும், ஒன்றிலும் மனம் நிற்காது. பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரத்தில் இது அடங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘ஊதணும்’ என்ற தவிப்பு ஒருமுறை கிளம்பினால் நாள் முழுக்க நிற்பதில்லை. சில நிமிடம் ஏறுகிறது, பிறகு தானாகவே இறங்குகிறது. பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

பத்து நிமிடம் உங்களுக்கு ஒரு நேரமா? பட்டுத்தறியில் உட்கார்ந்துகொண்டு யாராவது பீடி பற்றவைப்பீர்களா? பக்கத்தில் பாவு, கையில் ஜரிகை. ஒரு பொறி விழுந்தால் கூலி போச்சு, முதலாளியிடம் பேச்சு வேறு. அதிலும் கோர்வை போடும்போது எதிர்ப்பக்கம் நாடா வாங்கிப் போட இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பார். ஒவ்வோர் இழைக்கும் உடம்பு வண்ணமும் கரை வண்ணமும் கோர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் தறிக்குழியிலிருந்து எழ முடியுமா? எழுந்தால் அந்த ஆளின் வேலையும் நிற்கும். அதனால் உட்காருகிறோம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் தவிப்பு எங்கே போனது? யாரும் அடக்கவில்லை, பல்லைக் கடிக்கவும் இல்லை. கை வேலையில் இருந்தது, எதிரே ஓர் ஆள் இருந்தார், எழுந்து போக வழி இல்லை. வெளியே வந்து திண்ணையில் காலை நீட்டியதும்தான் சட்டைப்பையைத் தேடுகிறோம்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி ஊதுகிற மனிதர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். அன்றோடு பீடி நின்றுவிடுகிறது. மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. நேற்றுவரை ‘வாடா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்’ என்று கூப்பிட்ட கூட்டாளி இன்றைக்கு ‘சாமி, நீங்க இருங்க, நான் போயிட்டு வர்றேன்’ என்கிறான். கடைக்காரர் பீடியை எடுக்கும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். பெற்ற அம்மாவே ‘சாமி’ என்று கூப்பிடுகிறாள். விடியற்காலைக் குளியல், தனிச் சமையல், சாயங்காலம் பஜனை என்று நாளின் ஒவ்வொரு மணியும் இடம் மாறிவிடுகிறது. பெண்கள் மேல்மருவத்தூருக்குச் சிவப்புடுத்தி விரதம் இருக்கும்போதும் வீடே இப்படி மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

நாற்பத்தொரு நாள். சிலர் ஒரு முழு மண்டலம், 48 நாள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் நமக்குத் தரிசனம் கொடுத்தாரே, அதே கணக்கு. அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் வெயிலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற கூட்டத்தில் ஊதுகிறவர்களும் ஏராளம் இருந்திருப்பார்கள். தம் போட வெளியே போனால் வரிசையில் இடம் போய்விடும். அவ்வளவுதான், நின்றார்கள்!

சாமி மலைக்குப் போய் வருகிறார். மாலையைக் கழற்றுகிறார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் நிற்கிறார். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். நிகோட்டின் அவர் உடம்பைவிட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு கேட்கும் கட்டம் தாண்டியாகிவிட்டது. பின்னே எது அவரைக் கடைக்குக் கூட்டிப் போனது? அந்தத் தேதி. மாலை போட்ட நாளிலேயே மனம் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருந்தது.

இது என் ஊகம் மட்டும் அல்ல. இஸ்ரேலில் ரூவென் தார் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் புகைக்கும் பழக்கமுள்ள விமானப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2010 இல் வெளியிட்டார்கள். ஒரே ஆட்கள், சில மணி நேரத்தில் முடியும் பயணத்திலும், அதைப்போல் இரண்டு மடங்கு நீளும் பயணத்திலும் தவிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். எவ்வளவு நேரம் புகைக்காமல் இருந்தார்கள் என்பது அங்கே பெரிதாகத் தெரியவில்லை. இறங்கப்போகிறோம் என்ற நேரத்தில்தான் தவிப்பு ஏறியது. குறுகிய பயணம் முடியும் தறுவாயில் உச்சத்துக்குப் போனவர்களுக்கே, நீண்ட பயணத்தில் அதே மணியில் அவ்வளவு இல்லை. நம்ம ஊர்ச் சாமி கதைதான், ஆகாயத்தில் நடந்திருக்கிறது.

ஆகவே என் கட்சி இது: விரதத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியை மட்டும் விட்டுவிடுங்கள். ‘ஒரு நாளைக்கு இரண்டு மட்டும்’ என்று குறைத்துக்கொள்வதை நான் அதிகம் நம்புவதில்லை. அந்த இரண்டுக்காக நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். நாள் பாருங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒரேயடியாக நிறுத்துங்கள். முதல் மண்டலத்துக்கு வீட்டையும் நேரத்தையும் மாற்றி வையுங்கள். தீப்பெட்டி பூஜை மாடத்தில் மட்டும் இருக்கட்டும். தவிப்பு வந்ததும் இடத்தைவிட்டு எழுந்து நடங்கள், குளிர்ந்த நீரை மெதுவாக மடக்கு மடக்காகக் குடியுங்கள், வாயில் கிராம்போ ஏலக்காயோ போட்டுக்கொள்ளுங்கள், மூச்சை ஆழ இழுத்து நிதானமாக விடுங்கள். பத்து நிமிடத்தைத் தள்ளத்தான் இவ்வளவும். நீங்கள் கோர்வையில் தள்ளியதைவிடச் சின்ன நேரம்.

டீ விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மருத்துவர்களே பல பேர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் உள்ள கஃபைனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. பீடியை நிறுத்தினால் சில நாளிலேயே அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் பழையபடி ஆறு டீ குடிப்பீர்கள். அது உடம்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தங்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. நீங்களோ ‘பீடி விட்டதால் இப்படி ஆகுது’ என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்றவைப்பீர்கள். ஆறை மூன்றாக்குங்கள். பலருக்கு இதுவே பெரிய உதவி.

இதையெல்லாம் செய்தும் தாங்க முடியவில்லை என்றால் மருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். நிகோட்டின் சூயிங்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்வீடனில் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர்கள் உள்ளே புகைக்க முடியாதபோது மெல்லும் புகையிலைக்கு மாறிச் சமாளித்தார்கள். 1960களில் அந்தச் செய்தி காதில் விழுந்த ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர் செய்த யோசனைதான் அது. மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆனால் குழந்தைகள் பபிள்கம் மெல்லுவதுபோல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். நாலைந்து தடவை மெல்லுங்கள், நாக்கில் சுருக்கென்று ஏறியதும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிடுங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ காபி வேண்டாம். எழுந்து அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிறவர்களும், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். கேட்க ஆள் இல்லை என்றால் 1800-11-2356. புகையிலையை விடுவதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் கட்டணமில்லாத எண். தமிழிலும் பேசுவார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அவர் விட்ட முதல் வாரம் வீட்டில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகத்தான் விழும். அது உங்கள்மேல் உள்ள கோபம் இல்லை. ‘இன்னைக்கு ஊதலையா, நெசமாவா?’ என்று சட்டையை மோந்து பார்க்காதீர்கள். சந்தேகப்பட்டால் ‘இதுக்கு ஊதிட்டே வந்திருக்கலாம்’ என்று தோன்றும். மிச்சமான காசை ஒரு டப்பாவில் போடச் சொல்லி, அதைச் செலவு செய்யும் உரிமையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கல்யாண வீட்டில், ஓர் இழவு வீட்டில், சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிய நாளில், கை தவறி ஒன்றை ஊதிவிடலாம். ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று அன்றைக்கே ஒரு கட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? தேடிப் பிடித்துப் பிணைத்துவிட்டு நெய்கிறோம். அறுபது வயதில் விட்டவருக்குக்கூட ஏறக்குறைய மூன்று வருட ஆயுள் திரும்பக் கிடைத்தது என்று ஆய்வாளர் ரிச்சர்ட் டாலும் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2004 இல் எழுதினார்கள். நாற்பதில் விட்டவருக்கு ஒன்பது வருடம். இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்லும் பெரியவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக டீக்கடை, பெட்டிக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு கோரிக்கை. சில பேரை இங்கே பார்க்கிறேன். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. கார்த்திகையில் மாலை போட்டவர் வந்தால் நீங்களே பாக்கெட்டை நீட்டமாட்டீர்கள். இன்று முதல் ஒருவர் வந்து ‘அண்ணே, விட்டுட்டேன்’ என்று சொன்னால், கார்த்திகை இல்லாவிட்டாலும், கழுத்தில் மாலை இல்லாவிட்டாலும், அவருக்கும் அதையே செய்யுங்கள். அவர் பெயரில் நோட்டில் பீடிக் கடன் எழுதாதீர்கள். கடை முகப்பில் தொங்கும் கயிற்று நெருப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு, விடப்போகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் எழுந்து வருவதற்கு முன்னால், அந்த நோட்டின் முதல் பக்கத்தில் கடைக்காரர்கள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.