மருத்துவரின் கையிலுள்ள அமானிதம்



மருத்துவரை நம்பியே நோயாளி தம் உயிரை ஒப்படைக்கிறார். அத்தகையவரிடம் கணக்குக் கேட்பது முறையாகுமா எனச் சிலர் வினவுவர். அது முறை மட்டுமன்று, கடமையுமாகும் என்பதை ஒரு கொடிய நிகழ்வைக் கொண்டு விளக்க விழைகிறோம்.

இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன் என்றொரு குடும்ப மருத்துவர் இருந்தார். பெத்திடின் எனும் வலிநீக்கி மருந்தை மோசடியாகப் பெற்றுத் தாமே பயன்படுத்திய குற்றத்திற்காக, 1976-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. மருத்துவ கவுன்சிலோ ஓர் எச்சரிக்கைக் கடிதத்துடன் நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டே அவர் மான்செஸ்டர் அருகிலுள்ள ஹைட் நகரில் தொழிலைத் தொடர்ந்தார். அத்தகைய மருந்துகளை இனி இருப்பில் வைப்பதில்லை என்று கூறிவிட்டதால், அவரிடம் இருப்புப் பதிவேடும் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் சரிபார்க்க ஏது வழி?

ஆயினும் மருந்து அவரிடம் சேர்ந்துகொண்டேயிருந்தது. தேவைப்படாத நோயாளிகளின் பெயரில் மருந்துச் சீட்டு எழுதினார். புற்றுநோயால் இறந்தோரின் வீடுகளில் எஞ்சிய டயமார்ஃபினை எடுத்துச் சென்றார். அதையே ஊசியில் ஏற்றி, தம்மை நம்பியவர்களைக் கொன்றார். அவர்களுள் பெரும்பாலோர் முதிய பெண்மணிகள். 15 கொலைகளுக்காக 2000-ஆம் ஆண்டில் அவர் ஆயுள் தண்டனை பெற்றார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணையோ, கொல்லப்பட்டோர் 215 பேர் என 2002-இல் அறிவித்தது. அவ்விசாரணையின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை கண்காணிப்பிலிருந்த ஓட்டைகளை எடுத்துரைத்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், இம்மருந்துகளுக்குப் பொறுப்பேற்கும் அலுவலர்களை மருத்துவ நிறுவனங்களில் நியமிக்க வழிவகுத்தது.

கண்காணிப்பு அச்சுறுத்தலாக மாறினாலும் தீங்கே விளையும். நம் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், மருத்துவத்திற்கு மார்ஃபினைத் தடைசெய்யவில்லை. எனினும் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்ததாலும், கடுந்தண்டனை குறித்த அச்சத்தாலும், மருத்துவமனைகள் அதனை வாங்கி வைக்கத் தயங்கின. புற்றுநோயாளிகள் வலியால் துடித்தனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடர்ந்தே, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் முறையாகப் பதிவேடு பேணி அம்மருந்தை வழங்கும் வழி எளிதாக்கப்பட்டது.

ஆக, அங்கே கேட்கப்படாத கணக்கு உயிர்களைப் பறித்தது. இங்கே எல்லை மீறிய அச்சம் நோயாளியின் நிம்மதியைப் பறித்தது. இரண்டுக்கும் இடைப்பட்டதே நேரிய வழி. பள்ளிவாசலின் வரவு செலவை ஆண்டுதோறும் இச்சபையில் வாசிக்கிறோம். அதனால் முத்தவல்லியை ஐயுறுகிறோம் என்று பொருளாகுமா? நேர்மையாளருக்கு அக்கணக்கே பாதுகாப்பு. மருத்துவருக்கும் அவ்வாறே.

எனவே, மருத்துவர் உரிய முறையில் தரும் மார்ஃபினை நம் வீட்டு நோயாளிக்கு மறுக்காதிருப்போம். எஞ்சிய மருந்தைப் பிறர் கையில் கொடுக்காமல், தந்த மருத்துவமனையிலேயே ஒப்படைத்துப் பதியச் செய்வோம். அமானிதத்தைப் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! வஸ்ஸலாம்.