வெறும் காத்துதானே அண்ணே!

போன எபிசோட்ல சொன்ன மாதிரி, இன்னைக்கு ஏர்கன் கதை. எங்க சித்தப்பா பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். காசு சேர்த்து, பம்ப் பண்ணிச் சுடுற விலை கம்மியான ஏர்கன் ஒண்ணுக்கு ஆசைப்பட்டான். சித்தப்பா வாங்கிட்டு, "நீ வந்து பார்த்துச் சொல்லு, அப்புறம் தர்றேன்"னு எனக்கு போன் போட்டார். பெட்டியில விநாடிக்கு 200 மீட்டர்னு போட்டிருந்தது. அதையே சோதிச்சுப் பார்ப்போம்னு விருதுநகர் போனேன்.

வேகம் அளக்கிற கருவி எங்கிட்ட இல்லை. போன்ல ரெக்கார்டர் இருக்கே! துப்பாக்கி பக்கத்துல போனை வெச்சு, சரியா 10 மீட்டர் தள்ளி மணல் நிரப்பின பெட்டி, அதுக்கு முன்னாடி ஒரு பிளைவுட் பலகை, அதுல பழைய தினசரி காலண்டர் தாள். சிவகாசிப் பக்கம் காலண்டர் தாளுக்குப் பஞ்சமா? சுட்ட சத்தம் ஒண்ணு, பலகையில அடிச்ச சத்தம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரத்துல, சத்தம் 10 மீட்டர் திரும்பி வர்ற நேரத்தைக் கழிக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு அது சுமார் 0.028 விநாடி.

எட்டு பம்ப் அடிச்சப்போ இடைவெளி 0.095. கழிச்சா 0.067. அதாவது சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 150 மீட்டர். நாலு பம்ப்புக்கு 110. பம்ப்பை ரெட்டிப்பாக்கினா வேகம் ரெட்டிப்பாகாது. ஏன்னா ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அரை கிராம் எடையுள்ள பெல்லட்டுக்கு நாலு பம்ப்ல மூணு ஜூல், எட்டுல கிட்டத்தட்ட ஆறு. 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலையோ, 4.5 மில்லிமீட்டர் குழலையோ தாண்டினா உரிமம் வேணும். இது ரெண்டுக்கும் உள்ளே.

துல்லியம்தான் ஆச்சரியம். நாலு பம்ப்ல அஞ்சு குண்டும் பத்து ரூபாய் நாணயத்துக்குள்ள. எட்டு பம்ப்ல அதே அஞ்சு குண்டு உள்ளங்கை அகலம் சிதறுச்சு. பம்ப் அடிச்சு அடிச்சுத் தோள் நடுங்குது, மூச்சு வாங்குது. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடுற 10 மீட்டர் போட்டியில பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். நிதானம்தான் அங்க எல்லாம்.

தம்பிக்கு இதெல்லாம் ஏறலை. வேலிக்கு அந்தப் பக்கம் புறா உட்கார்ந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு அண்ணே, வெறும் காத்துதானே"ன்னான். அந்த வேலியைத் தாண்டினா கொஞ்ச தூரத்துல பட்டாசு வேலை நடக்கிற கொட்டகை. எங்கப்பா இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவர். மருந்து இருக்கிற இடத்துல ஒரு உராய்வு, ஒரு அடி போதும்னு அவர் சொல்லாத நாள் கிடையாது. புறாவும் நாம சுடுறதுக்காக உட்கார்ந்திருக்கலை.

நான் திட்டலை. பலகையைக் கழட்டி அவன் கையில கொடுத்தேன். எட்டு பம்ப் குண்டு பிளைவுட்ல பாதி ஆழம் இறங்கி நின்னுச்சு. விரலால தடவிப் பார்த்தான். "கண்ணுல பட்டா?"ன்னு அவனே கேட்டான். நான் எதுவும் சொல்லலை.

துப்பாக்கி இப்போ சித்தப்பா பீரோவுல. ஞாயித்துக்கிழமை, சித்தப்பா கூட நிக்கும்போது மட்டும், சுவரைப் பார்த்து, நாலே நாலு பம்ப். போன வாரம் ஒரு காலண்டர் தாள் போட்டோ அனுப்பினான். அஞ்சு ஓட்டையும் அந்தத் தேதிக்குள்ள இருந்தது.