நின்னுக்கிட்டே வேலை செய்யுற காலுக்கு வைட்டமின் சி போதுமா?

"கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது, வைட்டமின் சி மாத்திரை போட்டா சரியாகிடுமா?" ஜவுளிக்கடையில வேலை செய்யுறவங்க பலர் பிசியோதெரபிஸ்டான என்கிட்ட இதைத்தான் கேட்கிறாங்க.

முதல்ல ஒண்ணு. நாம நரம்புன்னு சொன்னாலும் அது நரம்பு இல்ல, ரத்தக்குழாய். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின்னு சொல்றது இதைத்தான். இதயத்திலிருந்து கீழே இறங்குற ரத்தம் திரும்ப மேலே ஏறணும். அதைத் தள்ளுறது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகி ரத்தத்தைப் பிழியும்; குழாய்க்குள்ள இருக்கிற ஒருவழி வால்வுகள் அதைக் கீழே வழியவிடாது. அசையாம நின்னா இந்த பம்ப் ஓடாது. ரத்தம் தேங்கி, குழாய் விரிஞ்சு, வால்வு சரியா மூடாமப் போகும்.

இதுல வைட்டமின் சிக்கு என்ன வேலை? ரத்தக்குழாய்ச் சுவருக்கு வலு கொடுக்கிற கொலாஜன் உருவாக அது தேவை. நம்ம உடம்பு அதைத் தயாரிக்காது, சாப்பாட்டிலதான் வரணும். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஒரு கொய்யாப்பழமே இதுக்குத் தாராளம். நெல்லிக்காயும் நல்லது. ஆனா ஏற்கனவே விரிஞ்ச குழாயை எந்த மாத்திரையும் பழையபடி சுருக்காது. அளவுக்கு மீறினா சிறுநீரகக் கல் வரவும் வாய்ப்பு உண்டு.

அதனால எனக்கு மாத்திரையை விட நாற்காலிதான் முக்கியமாப்படுது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டில சட்டத்திருத்தமே வந்தாச்சு. கேளுங்க, அது உங்க உரிமை. உட்கார்ந்தே இருந்தாலும் ரத்தம் தேங்கும். நடுநடுவே எழுந்து நாலு அடி நடங்க. கஸ்டமர் புடவை பார்க்கிற நேரத்தில குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, யாருக்கும் தெரியாது! ராத்திரி தலையணை வச்சு காலை இதய மட்டத்துக்கு மேல உயர்த்திப் படுங்க.

இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை நீங்களா வாங்கி மாட்டாதீங்க, குறிப்பா சர்க்கரை இருக்கிறவங்க. காலுக்கு இறங்குற தமனியில அடைப்பு இருந்தா அது ஆபத்து. நடந்தா கெண்டைக்கால் வலிச்சு, நின்னா சரியாகுதுன்னா அந்த அடைப்பாகவும் இருக்கலாம். புகைப்பழக்கம் இருந்தா சந்தேகம் இன்னும் அதிகம்.

ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடாகி, வலிச்சா தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ உடனே 108-க்கு போன் பண்ணுங்க.