மெருகு: ஏற்றுவதா, எடுப்பதா?



நமது விமர்சகர்கள் அடிக்கடி கையாளும் சொற்களுள் ஒன்று 'மெருகு'. சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு மதிப்புரை எழுதும்போது 'மெருகேறிய நடை' என்பார்கள். கவிதை சற்றுக் கரடுமுரடாக இருந்தால் 'இன்னும் கொஞ்சம் மெருகூட்டியிருக்கலாம்' என்பார்கள். ஏறுவது என்றும் ஊட்டுவது என்றும் சொல்லும்போது, இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசுவதாக ஓர் எண்ணம் நமக்குள் உண்டாகிவிடுகிறது. குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குகிற நமது வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எதையும் பூசுவதில்லை. களிம்பை எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லைப் பற்றி இன்று பேசுவதற்குக் காரணம் ஒரு படகு. வடமராட்சிக் கரையில், எனது வீட்டுக்கு அண்மையில், மணலில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பைபர் படகு. அதை மினுக்கி எடுத்த நான்கு நாட்களும் நான் கூடவே நின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வேறென்ன வேலை? வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், துணி பிழிந்து கொடுத்தேன், நிறையக் கேள்வி கேட்டேன்.

எங்கள் கரைகளில் முன்னர் இருந்தவை மரக் கலங்கள். 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி, வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட கப்பல் என்பதை நீங்கள் அறிவீர்கள். மரக் கலத்துக்குப் பராமரிப்பு என்றால் பலகைப் பொருத்துகளில் நார் திணித்துக் கலப்பற்று அடிப்பதும், எண்ணெய் பூசுவதுந்தான். அங்கே உண்மையாகவே ஒன்றை ஊட்டினார்கள். மரம் குடித்தது. பைபர் படகு எதையும் குடிக்காது. அதன் கதையே வேறு.

அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பைபர் திருத்தும் ஒரு பாஸ். நோர்வேயின் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர்ப் படகுத் தளத்தில் இளவயதில் வேலை பழகியவர். பாஸ் அண்ணை என்றுதான் கரையில் எல்லோரும் அழைப்பார்கள். வீட்டை உள்ளிருந்து வெளியே கட்டுகிறோம், முதலில் சுவர், கடைசியில் வர்ணம். பைபர் படகை வெளியிலிருந்து உள்ளே கட்டுகிறார்கள். முதலில் அச்சு. அந்த அச்சின் உட்புறத்தைக் கண்ணாடி போல் மினுக்கி மெழுகு தடவுவார்கள். அதன்மேல் நிறம் கலந்த பிசினைப் பூசுவார்கள், அதற்குப் பெயர் ஜெல்கோட். அது இறுகியதும் கண்ணாடி நார்ப் பாயும் பிசினும் அடுக்கடுக்காக வரும். அச்சிலிருந்து கழற்றும்போது, முதலில் பூசிய நிறம் வெளித்தோலாக நிற்கும். புதுப்படகின் பளபளப்பு அச்சின் பளபளப்பு. பிள்ளைக்குத் தாயின் நிறம் வந்த மாதிரி.

அந்தத் தோலின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். இதை மனதில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி படகுக்கு வருகிறேன். 2004 மார்கழி 26 இல் கடல் பொங்கியபோது, இந்தக் குடும்பம் ஒன்பது வயதுப் பெண்பிள்ளையைப் பறிகொடுத்தது. இருந்த வள்ளமும் போயிற்று. மறுவருடம் உதவியாகக் கிடைத்தது இந்த நீலப் படகு. பிள்ளையின் தகப்பன் அதை நீரில் இறக்குவதற்கு முன், விளம்பரப் பலகை எழுதும் ஒருவரைக் கூட்டிவந்து அணியத்தின் இரு பக்கமும் மகளின் பெயரை வெள்ளை வர்ணத்தில் எழுதுவித்தார். நான்கு எழுத்துப் பெயர். பல வருடம் அந்தப் பெயர் கடலுக்குப் போய்க் கரைக்கு வந்தது. வர்ணம் சிறிது சிறிதாக உரிந்து கொட்டியது. மனிதரும் பிறகு நோயில் போய்ச் சேர்ந்தார். அவருடைய மைத்துனர், அதாவது அந்த அக்காவின் தம்பி, தொழிலைத் தொடர்ந்தார். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது நினைவிருக்கும். எங்கள் கரையின் வெளியிணைப்பு என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. போதாக்குறைக்கு இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. படகு மணலில் ஏறியது. நிழலில்லை. ஒரு கிடுகுகூட மேலே போடவில்லை.

வெயிலின் புற ஊதாக் கதிர்தான் ஜெல்கோட்டின் முதற் பகை. அது மேற்பரப்பிலுள்ள பிசினைச் சிதைக்கும். பிசின் போனால் நிறத்துகள் பிடிப்பில்லாமல் தூளாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். குழி விழுந்த பரப்பில் வெளிச்சம் பட்டால் ஒரு முகமாகத் திரும்பாது, சிதறும். அதைத்தான் மங்கல் என்கிறோம். விரலால் தேய்த்தால் சோக் கட்டியைத் தொட்டது போலப் பொடி ஒட்டும். ஆனால் அதே படகின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். உடனே பழைய நீலம் வந்துவிடும்! குழிகளை நீர் நிரப்புவதால் வரும் மாயம் அது. காய்ந்ததும் போய்விடும். கடலில் நிற்கும்போது படகு அழகாகவும் கரையேறியதும் கிழடாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. விற்பதற்கு முதல்நாள் தேங்காயெண்ணெய் தடவி வைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதுவும் இதே வித்தைதான். சில நாளில் தெரிந்துவிடும்.

தம்பிக்குப் படகை விற்கவேண்டியிருந்தது. கடன். அக்காவும் சம்மதித்திருந்தார். ஆனால் படகைக் கழுவியபோதுதான் ஒன்று புலப்பட்டது. வர்ணம் உரிந்து போயிருந்தாலும், நான்கு எழுத்தும் அணியத்தில் அப்படியே இருந்தன, வெள்ளையாக அல்ல, கடும் நீலமாக. எழுத்தின் வர்ணம் அத்தனை வருடமும் அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைத்திருக்கிறது. சுற்றிவர எல்லாம் வெளுத்துவிட, எழுத்தின் கீழிருந்த தோல் மட்டும் 2005 இல் அச்சிலிருந்து கழன்ற நிறத்தோடு நின்றது.

"அண்ணை, இதைத் தேய்ச்சால் என்ன நடக்கும்?" என்று அக்கா கேட்டார்.

பாஸ் அண்ணை மறைக்கவில்லை. "பிள்ளை, எழுத்து அழியாது. மற்ற இடமெல்லாம் எழுத்தின்ரை நிறத்துக்கு வந்திடும். பிறகு எழுத்தைக் காணேலாது."

அக்கா வெகுநேரம் பேசவில்லை. தம்பி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை விட்டுவிடுவோம் என்றால் வாங்க வருபவர் வெளுத்த திட்டைக் கண்டு விலையைக் குறைப்பார். இதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமிருக்கவில்லை. கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பி, "மாஸ்ரர், உங்களிட்டை மெல்லிய கடதாசி இருக்கோ?" என்றார். ரிஸ்யூத் தாள் கொண்டுவந்து எழுத்தின்மேல் ஒட்டிப் பென்சிலால் பிரதி எடுத்தோம். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. எழுதியவரின் கை இடப்பக்கத்தில் சற்றுச் சாய்ந்திருந்தது. அக்கா இரண்டு தாளையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். வேலை முடியும்வரை வெளியே வரவில்லை.

வேலையை இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். சவர்க்காரமிட்டு நன்னீரில் கழுவி, பழைய மெழுகும் எண்ணெயும் போக அசற்றோன் தோய்த்த துணியால் துடைத்தார்கள். எண்ணெய் கிடந்தால் அடுத்து வரும் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. பிறகு வோட்டர் பேப்பர். 800, பின்னர் 1000, பின்னர் 1500, எப்போதும் ஈரத்தோடு. அதன்பின் கட்டிங் கொம்பவுண்டும் கம்பளிமயிர் வட்டுப் பூட்டிய பொலிஷ் மெசினும். தம்பி தன்னிடமிருந்த கிரைண்டரைக் கொண்டுவந்தார். பாஸ் அண்ணை கையால் தள்ளிவிட்டார். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும், இந்த வேலைக்கு 1,500 அளவு போதும். வேகம் கூடினால் சூடேறித் தோல் கருகும். மெசினை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. வெயிலில் செய்யக்கூடாது, ஆகையால் தறப்பாள் கட்டி இரண்டடிக்கு இரண்டடியாக நகர்ந்தார்கள். மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

இரண்டாம் நாள் பின்னேரம் நீலம் வெளிவரத் தொடங்கியது. ஒரு வளர்ந்த மனிதன் படகைப் பார்த்துச் சிரிப்பதை அன்று கண்டேன். தம்பிதான். "அத்தான் இறக்கின அண்டைக்கு இப்பிடித்தான் இருந்தது" என்றார்.

மூன்றாம் நாள் அணியம். எழுத்து மெல்ல மெல்லச் சுற்றியுள்ள நீலத்துக்குள் அமிழ்ந்தது. முற்றாக அல்ல. நேரே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும், வலப்பக்கத்தில் முதல் இரண்டு எழுத்தின் விளிம்பு தெரிந்தது. 600 பேப்பரால் இன்னொருமுறை இழுத்தால் போய்விடும் என்றார் தம்பி. பாஸ் அண்ணை உள்ளங்கையால் அந்த இடத்தைத் தடவினார். முன்னரே அரை மில்லிமீற்றர் என்று சொன்னேன் அல்லவா? மெருகிடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். அணியத்தில் கரை தட்டித் தேய்ந்த தோல் ஏற்கெனவே மெலிந்திருந்தது. இனியும் எடுத்தால் கண்ணாடி நார் வெளியே பல் காட்டும், நீர் உள்ளே இறங்கும். அதை எந்த மெருகும் மறைக்காது. "விடு தம்பி, இதுக்கு மேலை இதிலை எடுக்க ஒண்டுமில்லை" என்றார். விட்டுவிட்டோம்.

எங்கே நிறுத்துவது என்று அறிந்த கைதான் வேலை தெரிந்த கை. எழுத்தாளர்களில் எத்தனை பேர் கதையைத் திருத்தித் திருத்தி நார் தெரியுமட்டும் தேய்த்திருக்கிறார்கள்! பெயர் சொல்ல விரும்பவில்லை.

நான்காம் நாள் மெழுகு. எடுத்தல் எல்லாம் முடிந்தபின் பூசியது இது ஒன்றே. பேணியிலிருந்தது கர்னோபா மெழுகு. பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. நமது பனையைப் போல் விசிறி ஓலை கொண்ட மரம். பனை நாட்டுக்காரனுக்கு அதைக் கேட்கச் சற்றுப் பெருமையாக இருந்தது, காரணமில்லாமல்.

வாங்க வந்தவர் தொழில் தெரிந்தவர். பளபளப்பில் மயங்கவில்லை. குனிந்து, அடியில் நட்சத்திரம் போல் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். விரல் மொழியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். அடுக்கு விட்டுப் போன இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். அப்படி எங்கும் கேட்கவில்லை. பிறகு வலப்பக்க அணியத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இதிலை என்ன பேர் இருந்தது, அக்கா?"

அக்கா சொன்னார். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்ட விலைக்குமேல் பேரமும் பேசவில்லை. மறுநாள் விடியப் படகு லொறியில் ஏறியது. மெழுகுப் பேணியில் பாதி மிஞ்சியிருந்தது. அதையும் அவரிடமே கொடுத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பூசும்படியும் கரையில் ஏற்றினால் கிடுகாவது போட்டு மூடும்படியும் பாஸ் அண்ணை சொல்லியனுப்பினார்.