ஒட்டகத்திலிருந்து வந்த வைரஸ்

2012 ஜூனில், சவூதியின் ஜெத்தா நகர மருத்துவமனை ஒன்றில் கடும் நிமோனியாவுடன் சேர்ந்த 60 வயதுக்காரர், சிறுநீரகமும் செயலிழந்து 11ஆம் நாள் இறந்தார். அவருடைய சளியில் புதிய கொரோனா வைரஸைக் கண்டவர் எகிப்திய நிபுணர் அலி முகமது ஸாக்கி. அதுதான் மெர்ஸ். மறு ஆண்டே ஓமன் ஒட்டகங்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. வைரஸ் பற்றிக்கொள்ளும் டிபிபி4 என்ற புரதம் ஒட்டகத்துக்கு மூக்கில் இருக்கிறது. மனிதருக்கோ நுரையீரலின் ஆழத்தில். அதனால்தான் ஒட்டகத்துக்கு வெறும் சளி, மனிதருக்கு உயிராபத்து. கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

சவூதி மருத்துவமனைகளில் மெர்ஸ் நோயாளிகளுக்கு லோபினாவிர், ரிட்டோனாவிர் மாத்திரைகளோடு இன்டர்ஃபெரான் ஊசியையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் இறப்பு குறைந்தது. நோய் தொடங்கிய ஏழு நாளுக்குள் கொடுத்தால் பலன் கூடுதல். ஒட்டகப் பண்ணைத் தொழிலாளருக்குத் தொற்று ஆபத்து அதிகம். காய்ச்சாத ஒட்டகப் பாலை அவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.